பத்து எண்ணும் வரை

மடிப்பக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில், சூடான உருளைக்குள் போய் வரும் படுக்கை விரிப்புகளைப் பதினான்கு வருடம் முனைக்கு முனை பிசகாமல் மடித்ததற்காகக் கூட வேலை செய்த தமிழர்கள் வைத்த பெயர் இது. கைக்குப் பேர் வாங்கித் தந்த அந்த வேலை வாய்க்கு ஒன்றும் தரவில்லை. உருளை போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதனால் அந்த நாட்டுப் பாஷை தெரியாமலேயே அக்கா காலத்தை ஓட்டிவிட்டாள்.

வெளியே போனால் மகள் இருந்தாள். கடையிலும் வங்கியிலும் அக்கா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொள்வாள். "அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று தொடங்கி ஒரு முழு விண்ணப்பமே வாசித்து முடிப்பாள். அம்மா சொல்ல வந்தது பாதி நேரம் அதுவாக இருக்காது. பெற்ற பிள்ளை நல்லதுக்குத்தான் செய்கிறாள் என்று அக்கா வாயை மூடிக்கொள்வாள். மூடி மூடிப் பழகியும்விட்டது.

வம்பு நெஞ்சு வழியாக வந்தது. மூச்சு இழுத்தது, இரவு படுக்க முடியவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் நீராவி வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சலவைக்கூடத்தில் நீராவி இல்லாத வேலை ஒன்றே ஒன்றுதான். மாடியில் மேசை, நாற்காலி, டெலிபோன். எந்த வார்டுக்கு என்ன துணி வேண்டும் என்று கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். அந்த மேசைக்காரர் நாலு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த வாய்தான் இப்போது தேவைப்பட்டது. அந்த மேசை கிடைக்காவிட்டால் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

பெரியவர்களுக்கு அந்த நாட்டுப் பாஷை சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தாள். சுவரில் ஒரு பெரிய தாள். ஆதரவுக் கொள்கை என்று தலைப்புப் போட்டு ஒன்பது விதிகள். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் டீச்சர் வாசிக்க, மாணவர்கள் சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். தாமதமாக வந்தவரிடம் காரணம் கேட்கக் கூடாது. தவறாகப் பேசுபவரை நடுவில் திருத்தக் கூடாது. பேச முயல்பவருக்குப் பத்து விநாடி தர வேண்டும், அவருடைய வாக்கியத்தை மற்றவர் முடிக்கக் கூடாது. பேச விருப்பமில்லாதவர் பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டலாம்.

அக்காவுக்குப் பிடித்தது அந்த அட்டைதான். டீச்சர் அவள் பக்கம் திரும்பும்போதெல்லாம் அட்டை மேலே போகும். "நன்றி, அருமை!" என்பார் டீச்சர். அப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் ஒரு விதி.

"சும்மா உக்காந்திருந்ததுக்கு அருமையாம்," என்று வீட்டில் கணவனிடம் பொரிந்தாள். "இத்தனை வருஷம் உங்க வீட்டுல மாடா உழைச்சேனே, ஒருத்தராவது சொன்னீங்களா?"

"எனக்கும் அப்படி ஒரு அட்டை வாங்கிட்டு வா. நீ பேச ஆரம்பிக்கிறப்ப தூக்கிக்கிறேன்," என்றான் அவன்.

நாலு மாதம் அப்படியே கழிந்தது. மற்றவர்கள் காய்கறி வாங்கவும் வழி கேட்கவும் பழகிக்கொண்டார்கள். அக்காவுக்கு அந்த ஒன்பது விதிகள் மட்டும் வாய்ப்பாடு போல ஏறிவிட்டன. விரிப்புக்கு ஒரு விதியாக முணுமுணுத்தபடியே மடிப்பாள். அது படிப்பில் சேர்த்தி என்று அவளுக்கே தெரியாது.

மேசை வேலைக்கான நேர்முகத்துக்கு மகளும் கிளம்பி வந்தாள். "நானும் உள்ள வரேம்மா, நீ தலைய மட்டும் ஆட்டு," என்றாள். வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே மேனேஜர். அடுத்தவர் வாக்கியத்தைத் தன் பிதுரார்ஜிதச் சொத்தாக நினைக்கிற மனிதர். வார்டிலிருந்து போன் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"நான்..." என்றாள் அக்கா.

"பயப்படுகிறாய், தெரிகிறது."

"விரிப்பு..."

"விரிப்பு மடிக்கத் தெரியும். பேசத் தெரியாது. சரி, போகலாம்," என்று கோப்பை மூடிவிட்டு எழுந்தார்.

அக்காவின் கை பைக்குள் போய்ப் பச்சை அட்டையைத் தேடியது. அட்டை வகுப்பில் இருந்தது. பதினான்கு வருட உழைப்பு அந்தக் கோப்புக்குள் மூடப்படுவதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாய்க்குள் இருந்தது அந்தப் பாஷையிலேயே வெளியே வந்தது.

"பேச முயல்பவருக்குப் பத்து விநாடி தர வேண்டும்! அவருடைய வாக்கியத்தை மற்றவர் முடிக்கக் கூடாது!"

டீச்சரின் அதே குரல், அதே ஏற்ற இறக்கம், ஒரு பிழை இல்லை. மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் போலும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

எட்டாவது விநாடியில் அக்கா தொடங்கினாள். "ஆபரேஷன் துணி முதல். பிள்ளை வார்டு, சின்ன விரிப்பு. கிழிசல் நான் கண்டுபிடி. போன் மெதுவா பேசு, நான் எழுது." இலக்கணம் அத்தனையும் கோணல். விஷயம் அத்தனையும் சரி.

"ஒரு மாதம் பார்க்கலாம்," என்றார் மேனேஜர்.

மறுநாள் வகுப்பில் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பாடம் கைகொடுத்தது என்று கேட்டார். அக்கா சுவரைக் காட்டினாள். அங்கே தாளைக் காணோம், பசை நாடாவின் தடம் மட்டும் இருந்தது. டீச்சர் முகம் தொங்கிப்போயிற்று. மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள், விதிகளை வாசிப்பதில் படிப்பு நேரம் வீணாகிறது என்று எழுதிவிட்டுப் போனார்களாம். இனி விதிகள் கோப்பில் இருந்தால் போதுமாம்.

வகுப்பு முடிந்து வெளியே மகள் காரோடு காத்திருந்தாள். டீச்சர் வாசல் வரை வந்து, "வேலைதான் கிடைத்துவிட்டதே, இனி வகுப்புக்கு வருவீர்களா?" என்று அந்தப் பாஷையில் கேட்டார்.

மகள் கார்க் கண்ணாடியை இறக்கி, அதே பாஷையில், "அம்மா என்ன சொல்ல வருகிறார் என்றால்..." என்று தொடங்கினாள்.

அக்கா அவள் தோளில் கையை வைத்தாள். "பத்து எண்ணுடி," என்றாள் தமிழில்.

மகள் விழித்தாள். டீச்சரும் நின்றார். ஒன்று, இரண்டு என்று மகளின் உதடுகள் அசைவது தெரிந்தது. அன்று வகுப்பிலிருந்து எடுத்துப் பையில் போட்டிருந்த பச்சை அட்டையை அக்கா டீச்சரிடம் நீட்டினாள்.

"வருது நான்," என்றாள். "அட்டை வேண்டாம்."

அது 'வருவேன்' என்றல்லவா இருக்க வேண்டும்! டீச்சரின் வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"நன்றி, அருமை," என்றார், விதிப்படி. இந்த முறை அக்காவுக்குக் கோபம் வரவில்லை.