அண்ணன் பக்கத்தில் வைத்த ரேகை

எம்.ஏ. முடித்த கையோடு எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு பொருளாதார வரலாற்றுப் பேராசிரியருக்கு ஆராய்ச்சி உதவியாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா அந்த வேலையை ஊரில் எல்லாரிடமும் "வாத்தியாருக்கே வாத்தியாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் திருத்தவில்லை.

பேராசிரியரின் கேள்வி எளிமையானதுதான். மதுரைக்கு மேற்கே இருக்கும் ஊர்களில் படிப்பால் வசதி வந்ததா, வசதி வந்தபின் படிப்பு வந்ததா? பழைய காலத்தில் யார் யார் படித்தவர்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால் நிலப் பத்திரங்களின் நகல்களைப் பார்த்தார். கடைசியில் கையெழுத்து இருந்தால் அவர் எழுதத் தெரிந்தவர். பெருவிரல் ரேகை என்றால் தெரியாதவர். திருநகரில் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இந்த இரண்டையும் பிரிப்பது என் வேலை.

எங்கள் ஊர்ப் பத்திரக் கட்டைப் பிரித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ரேகை. ஆனால் கிணற்றில் மின்சார மோட்டாரும் வயலில் புது ரக நெல்லும் சுற்றுவட்டாரத்தில் எங்கள் ஊருக்குத்தான் முதலில் வந்தன. பேராசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாத்தீங்களாம்மா, எழுத்து வாசனையே இல்லாத ஊரு, எப்படி முன்னேறியிருக்கு! இங்கே காரணம் படிப்பு இல்லை, தண்ணிதான்."

கட்டுரையில் எங்கள் ஊரையே உதாரணமாக வைக்கப்போவதாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. எழுத்து வாசனையே இல்லாத ஊர் என்று அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் யார் அதை அழிப்பது?

கட்டில் எங்கள் தெரு அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து எழுதிய பத்திரமும் இருந்தது. தம்பி ஐந்தாவது வரை படித்தவர். உர மூட்டையில் அச்சடித்திருப்பதைத் தெருவுக்கே வாசித்துச் சொல்பவர். அவர் வைத்திருந்ததும் ரேகைதான்.

"சார், இவருக்கு நல்லா எழுதத் தெரியும்."

"தெரிஞ்சவர் ஏம்மா ரேகை வைக்கிறார்?"

"பக்கத்துல அவங்க அண்ணன் ரேகை இருக்குல்ல சார்."

அவருக்குப் பிடிபடவில்லை, விளக்கினேன். அண்ணன் விரலால் மையைத் தொடும் இடத்தில் தம்பி பேனாவை எடுக்கமாட்டான். அப்பா ரேகை வைத்தால் மகனும் ரேகைதான். எங்கள் பக்கம் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பந்தியில் பெரியவர்கள் உட்காரும் முன் நாம் உட்காராமல் இருப்பதுபோல. இது ஒருவரிடம் விளக்கவேண்டிய விஷயம் என்றே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

"நீங்க சொன்னா மட்டும் ஆதாரம் ஆயிடாதும்மா" என்றார். கோபமில்லை, அவர் தொழில் அப்படி.

"வாங்க சார், அவங்ககிட்டயே கேட்டுருவோம்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். இருவரும் மோட்டார் ரூம் நிழலில் இருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் பெரியவர் சிரித்துவிட்டார்.

"நல்லாக் கேளுங்க சாரு. நான் மாடு மேச்சு இவனப் பள்ளிக்கூடம் அனுப்புனேன். பத்திரத்தன்னைக்குப் போடுறா கையெழுத்தங்குறேன், கட்டவெரல நீட்டிக்கிட்டு நிக்கான்."

"நீ மையத் தொட்டுக்கிட்டு நிக்கும்போது நான் பேனாவத் தூக்குனா நல்லாவாண்ணே இருக்கும்?"

"எனக்கு என்னடா கொறஞ்சிரும்? அம்புட்டுப் பேருக்கு முன்னால எந்தம்பி எழுதுறான்னு நெஞ்ச நிமித்தலாம்னு இருந்தேன். கெடுத்துப்புட்டான் சாரு, கூறுகெட்ட பய."

"ஆமா, அண்ணன மிஞ்சிட்டான்னு ஊருல பேசுவாய்ங்க. அத யாரு கேக்குறது? நீயா?"

பேராசிரியர் நடுவில் புகுந்து, மோட்டாருக்கு மனு எழுதியது யார் என்று கேட்டார்.

"இவந்தான். கரண்டு ஆபீசுல நான் போயி என்னத்தச் சொல்ல? ஊருல பாதிக் கெணத்துக்கு இவன் எழுதுன மனுதான் சாரு" என்றார் பெரியவர். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இளநீர் வெட்டப் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பேராசிரியர் குறிப்பேட்டை மூடிவைத்தார். பிறகு, "கட்டுரை இப்போ போக வேண்டாம்மா. ஒரு வீடு பத்தாது. ரேகை வச்ச வீட்டுக்கெல்லாம் போய்க் கேக்கணும். நான் போனா மரியாதையாப் பேசி அனுப்பிடுவாங்க. நீங்க போங்க" என்றார்.

பல மாதம் வெயிலில் அலைந்தேன். எல்லா ரேகைக்குப் பின்னாலும் படிப்பு ஒளிந்திருக்கவில்லை. என் அப்பாவின் ரேகை நிஜ ரேகைதான். அதையும் அப்படியே எழுதினேன். ஆனால் மோட்டார் முதலில் வந்த வீடுகளில், எழுதத் தெரிந்தும் மூத்தவரின் ரேகைக்குப் பக்கத்தில் ரேகை வைத்துவிட்டு வந்த தம்பியோ மகனோ அநேகமாக ஒருவர் இருந்தார். தண்ணீர் பெரிய காரணம் என்பதைப் பேராசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவர எழுதத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பகுதியை என்னையே எழுதச் சொன்னார்.

கருத்தரங்கில் அதை வாசிக்கவும் என்னைத்தான் அனுப்பினார். கோட்டுப் போட்டவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயர் வரும் வரியில் நிறுத்தினேன். மைக்குக்கு இன்னும் கிட்டப்போய், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொன்னேன்.