பெஞ்சமின் கேட்ட சந்தேகம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வேலை பார்க்கும் பிரதீபா அதிகம் பேசமாட்டாள். விடுமுறை நாட்களில் ஒரு எமுலேட்டர் எழுதிவந்தாள். சந்தையில் இப்போது கிடைக்காத ஒரு பழைய சிப்பைப் போலவே கணினிக்குள் நடந்துகொள்ளும் மென்பொருள் அது. அந்தச் சிப் பொருத்திய போர்டு இல்லாதவர்களும் நிரலை ஓட்டிப் பார்க்கலாம். அவளிடமும் போர்டு கிடையாது. சிப்பின் கையேட்டைப் படித்தே எழுதினாள்; அதை யாரிடமும் சொன்னதில்லை. இணையக் குழுவில் நானூறு பேர் அவளைக் கொண்டாடினார்கள்.

அதில் ஒருவர் பெஞ்சமின். மாமல்லபுரத்தில் படகுகளின் எக்கோ கருவியைப் பழுதுபார்ப்பவர். கடலின் ஆழத்தையும் அடிப்பாறையையும் திரையில் காட்டும் அந்தக் கருவிக்குள் இருப்பது இதே சிப். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கருவி தானாக அணைந்து எழும். குறித்துவைத்த இடமெல்லாம் அழிந்துபோகும். படகுக்காரர்களுக்கு அது தீராத எரிச்சல். அப்படி அணைக்கச் சொல்லும் வரியை நிரலில் கண்டுபிடித்தவர் குழுவில் கேட்டார்: "அத்த எடுத்துட்டா எமுலேட்டர்ல நல்லா ஓடுது. என் போர்டுல ஆறு மணி நேரத்துல ஒறைஞ்சி நிக்குது. எது சரி?"

"அண்ணாத்த, மொதல்ல சால்ட்ரிங் கத்துக்கினு வா" என்றான் ஒருவன்.

"போர்ட மீன் கொழம்புல போட்டியா மச்சான்?" என்றான் இன்னொருவன்.

பிரதீபா சிரிக்கவில்லை. எமுலேட்டரில் மூன்று நாள் ஓடவிட்டாள். பிறகு எழுதினாள்: "உறையவில்லை. அந்த வரி தேவையற்றது. உங்கள் போர்டில்தான் பழுது." கேள்வியை மூடிவிட்டாள்.

நான்கு மாதம் கழித்து வேறு ஊர்க்காரர் ஒருவர் அதே கோளாறைப் படம்பிடித்துப் போட்டார். சிப்பின் பிறவிக் குறை, கையேட்டில் இல்லாதது. அது உறையும் முன்பே அணைத்து எழுப்பத்தான் அந்த வரி இருந்தது. "அபாரமான கண்டுபிடிப்பு!" என்றது குழு. பெஞ்சமினுக்குப் பிரதீபா அனுப்பிய மூன்று செய்திகளுக்கும் பதில் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

அவர் கடையில் இப்போது கறுப்புக் கண்ணாடி விற்றார்கள். விசாரித்துப் போனபோது, பெஞ்சமின் மீன் கொட்டகையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்.

"எமுலேட்டர் பிரதீபாவா? வா மா."

"நீங்க சொன்னதுதான் சரிண்ணா. தப்பு என்னுது. என்கிட்ட போர்டே கிடையாது, கையேட்டப் படிச்சுதான் எழுதினேன்."

"ஒம்போது படகுல அந்த வரிய எடுத்துட்டேன் மா. படிச்ச பொண்ணு, மூணு நாள் ஓட்டிப் பாத்துட்டு சொல்லுது, நம்ம கைதான் சரியில்லன்னு நெனச்சிகினேன். கடல்ல பெட்டியோட தெரை அப்டியே நின்னுச்சி. நின்ன ஆழத்த நம்பி ஓட்டி, அப்பாசாமி படகு பாறைல ஏறிடுச்சி. ஆளு பொழச்சிகினான், படகு போச்சி. அப்பறம் எவன் என்னாண்ட பெட்டியக் குடுப்பான்?"

அவர் பெயரோடு மறுபடி திறந்த கேள்வியை லேப்டாப்பில் காட்டினாள். கீழே முப்பது மன்னிப்புகள்.

"நல்லா கீது. அப்பாசாமி இத்த படிப்பானா?"

அவள் லேப்டாப்பை மூடினாள். பெஞ்சமின் உள்ளே போய் ஒரு துணிப்பொட்டலம் கொண்டுவந்தார். "இந்தா, என் போர்டு. உன்னாண்ட போர்டே இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் என்னையே நம்பியிருப்பேன் மா."

"கடைய மறுபடியும்..." என்று அவள் தொடங்கினாள்.

"ஐஸ் கரையுது மா" என்று திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் பொட்டலத்தைப் பிரித்தாள். போர்டின் பின்பக்கம், உறைந்துபோன ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாக, மார்க்கரில் பதினோரு கோடுகள். ஓரத்தில் 'ஆறு மணி நேரம்' என்று எழுதியிருந்தது. செங்கல்பட்டு வரும்வரை அவள் அதைத் துணிக்குள் திருப்பி வைக்கவில்லை.