கோட்டக்குப்பத்துக் கார்ட்டூம்

கோட்டக்குப்பம் கடைத்தெருவில் அமீருதீன் தினமும் நடக்கிறார். ஆனால் அவர் நடப்பது சூடானின் கார்ட்டூம் நகரத்தில். பரோட்டாக் கடை அவருக்கு அங்கே விட்டுவந்த தையல் கடை. மருந்துக் கடை, குண்டு விழுந்த சந்தை. யார் கேட்டாலும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார். சண்டை மூண்ட வருஷம் மகன் யாஹ்யா அங்கே மௌத்தாகிவிட்டான். எந்த இடத்தில் உயிர் போனது என்பதுதான் தெரியாது. அது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

தெரிந்தவன் ஒருவன்தான். அப்போது கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த திண்டிவனத்து மரிய அருண். காயத்தோடு வேறு கப்பலில் ஊர் திரும்பியவன், "குண்டு விழுந்துடுச்சு பாய்" என்பதற்கு மேல் போனில் பேசியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானாக வந்து வாசலில் நின்றான்.

உட்காரக்கூட விடவில்லை அமீருதீன். "வாடா, நடக்கலாம்."

"என்ன பாய், கார்ட்டூம் பஸ் கெளம்பிடுச்சா? ஜன்னல் சீட்டு இருக்கா?" என்றார் பரோட்டா மாஸ்டர் விருத்தாசலம்.

"இருக்கு. நீ ஏறினா டயரு வெடிச்சிடும்." வழக்கமான பதில்தான். அன்று சிரிப்பில்லாமல் வந்தது.

அருணிடம் திரும்பினார். "இதான் நம்ம கடை. நான் துணி குடுக்க ஆத்துக்கு அந்தாண்ட போயிருந்தேன். பிளேன் சத்தம் கேட்டு போன் போட்டேன். நீதான் எடுத்த."

"யாஹ்யாவுக்குத் தலையில அடி பாய். பேச்சு இல்ல. தோள்ல போட்டுக்கினு நின்னேன்."

"பள்ளிக்கு வந்துடுங்க, அங்க நிக்கிறேன்னு சொன்னேன். பொழுது சாயிற வரைக்கும் நின்னேன் அருணு. எங்கடா மடங்கினீங்க?"

மருந்துக் கடை முனையில் அருண் நின்றான். "இங்க. வலது பக்கம்."

"வலதா? பள்ளி எடது பக்கமில்ல இருந்துச்சு?"

"இல்ல பாய், வலதுதான். நீங்க சொன்ன மாதிரி பள்ளிக்கூடத்துக்குத்தான் போனோம். அவனை ஒரு ரூம்ல படுக்க வச்சிட்டுத் தண்ணி தேடி வெளிய வந்தேன். அப்பதான் விழுந்துச்சு."

அமீருதீன் ஷட்டரைப் பிடித்துக்கொண்டார். அவர் தெருவில் பள்ளிவாசலை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பள்ளி என்றாலே போதும். பிறந்ததிலிருந்து அப்படித்தான். அன்று கார்ட்டூமில் அவர் நின்றதும் பள்ளிவாசலில்தான். அந்தச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை.

"ஏன் பாய்? அங்க போயிருக்கக் கூடாதா?"

"ஒண்ணுமில்ல. நடந்தது போதும். வா."

வீட்டில் மனைவி அசன் பீவி அருணிடம் டீயைக் கொடுத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். "எடம் தெரிஞ்சுதாங்க?"

"தெரியல."

அசர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. அசன் பீவி தொப்பியை எடுத்து நீட்டினாள். "பாங்கு சொல்லியாச்சு. பள்ளிக்குப் போகலையா?"

அருணின் டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. வாசலில் தொப்பி போட்ட ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்தான். பிறகு திரும்பினான்.

"பாய்... அன்னிக்குப் போன்ல நீங்க சொன்னது..."

"டீ ஆறுதுடா," என்றார் அமீருதீன். "குடி."