வரிசையில் கடைசியாக நின்ற சட்டை

பேய், ஆவி என்று யார் வந்து சொன்னாலும் சிரிக்கிற ஆள் நான். மூன்றாம் வகுப்போடு நின்றவன், தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டு ஆரம்பித்து இன்று ராஜபாளையத்தில் மூன்று லாண்டரிக் கடை வைத்திருக்கிறேன், கரியையும் கஞ்சியையும் தவிர எதையும் நம்பியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, நீங்களும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் கேளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் மகள் நஸ்ரின், சிற்பம் படித்த பிள்ளை. உடுத்திப் பழசான துணிகளை விறைப்பாக்கி, ஆளில்லாமலே ஆள் மாதிரி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வரிசையாக எங்கள் பஸ் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும் என்று வந்தது. துணியை மைதாக் கஞ்சியில் முக்கி, வைக்கோல் திணித்துக் காயவைத்து, பிறகு வைக்கோலை உருவிவிட்டால் ஒரு கம்பித் தாங்கலில் அப்படியே நிற்கும். அப்படிக் கஞ்சி போட இந்த ஜில்லாவில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

வரிசையில் கடைசி, ஒரு ஊதா நைட்டிக்குப் பின்னால், அந்தப் பிள்ளையுடைய அத்தாவின் முழுக்கைச் சட்டை. அந்த ஜவுளிக்கடைக்காரர் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். பழந்துணி பொறுக்கவா படிக்க வைத்தேன் என்று மகளோடு பேச்சை நிறுத்தியவர், ஒரு போட்டோகூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாராம். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை, அதற்குத்தான் பிள்ளை இத்தனை பாடும் பட்டது.

காலையில் நிறுத்தினோம். மதியம் மூன்று மணி, நல்ல வெயில், சேத்தூர் பஸ் கிளம்பியதும் பார்க்கிறேன், கடைசிச் சட்டையின் முழங்கை மடிந்து கஞ்சி நொறுங்கிக் கிடக்கிறது, அக்குளில் ஈரம். வெளியிலிருந்து அமுக்கினால் கஞ்சித்துணி நசுங்கும், உள்ளே கை இருந்து மடக்கினால்தான் இப்படி வரிவரியாக உடையும், எனக்குத் தெரியாதா. யார்லே மாட்டிப் பார்த்தது என்று ஆட்டோக்காரர்களை ஏசினேன்.

“காலைலேருந்து நீங்கதான அண்ணாச்சி பக்கத்துலயே நிக்கிய, எங்களக் கேக்கிய?” என்றான் ஒருவன். உண்மைதான், நான் நகரவே இல்லை.

சாயங்காலம் நஸ்ரினை வீட்டில் விடப் போனேன். அத்தா படுக்கையில் விழித்திருந்தார்.

“நல்லாத்தாம்மா நிக்க வச்சிருக்க,” என்றார் மகளிடம். “எனக்கு முன்னால நின்ன ஊதா நைட்டிக்குத் தோள்பட்டை விட்டுருக்கு, தச்சிரு.”

பிள்ளை அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. மறுநாள் போய்ப் பார்த்தோம், தோள்பட்டையில் தையல் விட்டுத்தான் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலமே, பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது, அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“அண்ணாச்சி, எனக்குப் பின்னால ஒருத்தர் நின்னு பிடரியில மூச்சு விட்டுக்கிட்டே இருந்தாவளே, அவிய யாரு?”

அவர் சட்டைக்குப் பின்னால் ஆளும் கிடையாது, துணியும் கிடையாது. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். இன்றைக்கும் ரேஷன் கடையோ ஆஸ்பத்திரியோ, எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றால், அவர் சட்டைக்கைக்குள் கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் திரும்புகிறேன்.