கீழூருக்குத் திறக்காத தண்ணீர்

பலெர்மோ என்ற இத்தாலியத் தீவு நகரத்தில் நான் கவனித்துக்கொண்ட பெரியவர் ஒரு கானின் மகன். பாரசீகத்தின் மேற்கே, மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மாகாணத்தில், அரசனின் பெயரால் ஊர்களை ஆண்ட குடும்பம் அவருடையது. நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரேத்தோப் பகுதியில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். இந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர். அந்த அம்மா இறந்து சில வருடங்களாகியிருந்தன. ஒரே மகள் வடக்கே தூரினோ நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை.

நான் மன்னார்க்காரன். நான் குடியிருந்த சீசாப் பகுதியிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போய் அவரை எழுப்புவேன், குளிப்பாட்டுவேன், சவரம் செய்துவிடுவேன், சமைத்துக் கொடுப்பேன். பின்னேரம் ருமேனியாக்காரப் பெண் ஒருத்தி வந்ததும் நான் கிளம்பிவிடுவேன்.

சவரம் செய்யும் நேரத்தில்தான் அவர் நன்றாகக் கதைப்பார். கன்னத்தில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு தன் பரம்பரையைச் சொல்லத் தொடங்குவார். பூட்டனாருக்கு அரசன் ஒரு வாளும் ஒரு பட்டமும் கொடுத்து, அந்த மலைநாட்டில் வரி வாங்கும் உரிமையும் கொடுத்தானாம். பாட்டனாரின் காலத்தில் வீட்டு முற்றத்தில் எப்போதும் குதிரைகள் சேணத்தோடு நிற்குமாம். புதிய அரசன் வந்ததும் அவரை விருந்துக்கென்று தலைநகரத்துக்கு அழைத்தார்கள். போனவர் திரும்பவில்லை, ஒரு வீட்டில் காவலில் வைக்கப்பட்டு, அங்கேயே செத்துப்போனார். தகப்பனாரின் காலத்தில் நிலங்களைப் பிரித்து, உழுதவர்களுக்கே கொடுத்தது அரசாங்கம். பிறகு புரட்சி வந்தது, வீடும் போனது. தகப்பனார் ஒரு மருந்துக் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்து இறந்தார். வந்தால் பிடித்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் தடுத்ததால் இவர் சாவீட்டுக்குப் போகவில்லை.

"இப்ப இந்த வீட்டுக்கு நான்தான் கான்," என்று இத்தாலியனில் சொல்லிச் சிரிப்பார். "என்ர குடிபடை நீர் ஒருத்தர்தான். கன்னத்தை வெட்டிப்போடாதையும்."

இவர் இளமையில் படிக்க வந்து, இந்தத் தீவிலேயே தங்கி, குடிநீர்த் திட்டங்களில் இஞ்சினியராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஏன் தண்ணீர் வேலையை எடுத்தார் என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு மூதாதையின் பெயரையும் இழுத்து, அழகாக உச்சரிப்பார். எனக்குக் கத்தியில்தான் கண் இருக்கும். "ஓம், ஓம்" என்பேன்.

ஒரு வசந்த காலத்தில் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது காலும் சரியில்லை, நினைவும் சரியில்லை. முதலில் சாமான்களின் பெயர்கள் மறந்தன. கரண்டியைக் காட்டி, வாயைத் திறந்து, சொல் வராமல் விழிப்பார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இத்தாலியன் முழுவதுமே அவரை விட்டுப் போனது. பிறந்த ஊரின் பேச்சு மட்டும் மிஞ்சியது. இந்த வீட்டில் அதை விளங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

பேசாமல் கிடந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மத்தியானமானால் எழுந்து உட்கார்ந்து, என் சட்டையைப் பிடித்து எதையோ கெஞ்சிக் கேட்பார். குரல் உயரும், கண்ணில் நீர் வரும். 'ஆப்' என்ற ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். மொழிபெயர்க்கச் சொல்லிக் கைபேசியை அவர் வாயருகே பிடித்தேன். 'ஆப்' என்றால் தண்ணீர் என்று அது சொன்னது. மற்றதெல்லாம் உளறல்: 'ஆடு செவ்வாய்க்கிழமை தாயின் மேல்' என்று வந்தது. மலைநாட்டுப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கிளாஸைத் தட்டி எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

விடுமுறைக்கு மகள் வந்தார். தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான்தான்" என்று கையைத் தடவினார். அவர் மகளிடமும் அதையேதான் கேட்டார். மகள் எழுந்து குசினிக்கு வந்து அழுதார்.

"தன்ர பாஷையில எனக்கு ஒரு சொல்லும் சொல்லித்தரேல்ல. இஞ்சை அது உனக்கு எதுக்கு எண்டு சொல்லிப்போடுவார். உங்களுக்கெண்டாலும் ஏதும் சொன்னவரே?"

"குடும்பக் கதை எல்லாம் சொன்னவர், சிஞ்ஞோரா."

"என்ர பூட்டனாற்றை பேர் என்ன?"

எனக்கு அது நினைவில் வரவில்லை. எத்தனையோ காலைகளில் கேட்ட பெயர். அதன் ஓசை மட்டும் காதில் இருந்தது, எழுத்துகள் இல்லை. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தகப்பனிடம் திரும்பிப் போனார்.

அன்று வீட்டில் நான் மனைவியிடம் சொன்னேன். அவள் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்டாரண்டில் பாத்திரம் கழுவுகிறாள்.

"எங்கட குசினியில ஒரு ஈரான்காரர் நிக்கிறார்," என்றாள் அவள். "மீன் வெட்டுறவர். நல்ல மனிசன். கேட்டுப் பாக்கட்டோ?"

"கேள், கேள். ஒருக்கா வந்து என்ன கேக்கிறாரெண்டு சொன்னாப் போதும்."

அவர் தன் ஓய்வு நாளில் வந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். வாசலில் மணிக்கு மேலே ஒட்டியிருந்த குடும்பப் பெயரைப் படித்துவிட்டு அப்படியே நின்றார்.

"இவை எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று இத்தாலியனில் கேட்டார்.

எனக்குத் தெரிந்த மாகாணத்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. திரும்பிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

பெரியவர் அவரைக் கண்டதும் கையை நீட்டினார். வந்தவர் மரியாதையாகத் தலை குனிந்து பதில் சொன்னார். அவ்வளவுதான், பெரியவரின் வாயிலிருந்து எல்லாம் கொட்டத் தொடங்கியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் என் நெஞ்சு லேசானது. கடைசியில் ஒருவர் கேட்கிறார், ஒருவருக்கு விளங்குகிறது. மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவர் மெல்ல எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னை மீராப் எண்டு நினைக்கிறார். ஊரில தண்ணி பங்கிடுறவரை அப்பிடித்தான் சொல்லுறது. கீழூருக்கு வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லுறார். 'தகப்பனார் அடைக்கச் சொன்னது எனக்குத் தெரியும், நீ திற, பழியை நான் ஏக்கிறன். பயிர் கருகுது, குழந்தையள் சேறு குடிக்குதுகள்' எண்டு கெஞ்சுறார்."

"ஏன் அடைச்சவை?" என்று மகள் கேட்டார்.

வந்தவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கீழூர்ச் சனம் நிலத்தைப் பற்றி அரசாங்க அதிகாரியிட்டைப் போய்க் கதைச்சிட்டுதாம். அதுக்குத் தண்டனை. ஒரு கோடை முழுக்கத் தண்ணி விடேல்லை. இவர் கல்லூரி லீவுக்கு வந்து நிண்டிருப்பார்போல. சிஞ்ஞோரா, இதை இவர் சொல்லித்தான் நான் அறியவேணுமெண்டில்லை. நாங்கள்தான் கீழூர். என்ர பாட்டன் அந்தக் கோடையிலதான் ஊரை விட்டுப் போனவர்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மிகவும் சாதாரணமான ஒன்றைச் சொன்னேன்: "திறந்தாச்செண்டு சொல்லிவிடுங்கோவன். மனிசன் நிம்மதியாப் படுக்கட்டும்."

அவர் தயங்கினார். தண்ணீரில்லாமல் ஊரை விட்டுப் போனவரின் பேரன் சொல்லக்கூடிய வார்த்தை அது இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சொன்னார். பெரியவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பிறகு மறுத்துத் தலையாட்டினார்.

"பொய்யெண்டு சொல்லுறார். திறந்தால் தனக்குச் சத்தம் கேட்குமாம்."

நான் குளியலறைக்கு ஓடினேன். தொட்டிக் குழாயை முழுவதும் திறந்தேன். அந்தக் கோடையில் மழையில்லாமல் நகரத்துக்கு முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அன்று எங்கள் முறை இல்லை. கூரைத் தொட்டியும் காலி. குழாய் இரண்டு தரம் இருமி, வெறும் காற்றை ஊதியது. அந்தச் சத்தம் அறைவரை கேட்டது. நான் திரும்பி வந்தபோது பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோள்கள் குலுங்கின. வந்தவர் கட்டிலருகே முழங்காலிட்டு, அவருடைய முதுகில் கையை வைத்திருந்தார். மூன்று பெரிய ஆட்கள் அந்த அறையில் இருந்தோம். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போகும்போது அந்த மனிதர் எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தார்: 'ஆப் மியாத்' - தண்ணீர் வருகிறது. அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். சில நாட்கள் பெரியவர் கேட்டு அமைதியானார். மற்ற நாட்களில் என் வாயையே உற்றுப் பார்ப்பார். நான் அந்த ஊர்க்காரன் இல்லை என்று என் உச்சரிப்பே காட்டிக்கொடுத்திருக்கும்.

கோடை முடிவதற்குள் மகள் அவரைத் தன்னருகே, தூரினோவில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்தார். அதில் பிழையில்லை. நான் அவருக்குச் சவரம் செய்து, நல்ல கோட்டைப் போட்டுவிட்டேன். வண்டியில் ஏற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். கேட்டு விளங்கப்படுத்தட்டும் என்று நான் அந்த ஈரான்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். வேலை நேரம், அவர் எடுக்கவில்லை. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். கதவைச் சாத்தினார்கள்.

பனிக்காலத்தில் மகள் அழைத்து, தகப்பன் இறந்துவிட்டார் என்றார். கடைசி மாதங்களில் அவர் எந்தப் பாஷையிலும் ஒன்றும் பேசவில்லையாம்.

நான் மொண்டெல்லோவுக்குப் போனேன். கடற்கரையில் ஆளே இல்லை. பனிக்காலத்துக்குப் பூட்டியிருந்த ரெஸ்டாரண்டின் முன்னால் அந்த ஈரான்காரர் மரக்கதிரைகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். நான் செய்தியைச் சொன்னேன். தூரிகையை டப்பாவில் வைத்தார்.

"அந்தக் கான் வீட்டில ஒருத்தரெண்டாலும் 'திற' எண்டு சொன்னவையோ எண்டு பாட்டன் சாகுமட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்," என்றார். "ஒருத்தர் சொன்னவர்தான். நான் என்ர காதால கேட்டனான். இப்ப போய் ஆருக்குச் சொல்லுறது? அப்பாவும் இல்லை. ஊரில இருக்கிற பெடியளுக்கு இது ஒண்டும் தெரியாது."

காற்றில் மணல் பறந்து ஈரப் பெயின்டில் ஒட்டியது. அவர் அதை விரலால் துடைத்துப் பார்த்தார், இன்னும் மோசமானது. நானும் ஒரு தூரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையின் முன்னால் குந்தினேன்.