பரோன் வீட்டுச் சம்பந்தம்

மகள் ஒரு டேனிஷ்காரனைக் கட்டப்போவதாகச் சொன்னபோது நான் பெரிதாக அதிரவில்லை. அவனுடைய தகப்பன் ஸ்கொட்லாந்தில் ஒரு பரோன், பிரபுப் பட்டக்காரர் என்றதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வருகிற வாத்தியார் எப்படிப் பரோன் ஆவார்?

முதல் சந்திப்பில் அவர்கள் வீட்டுச் சுவரில் பரோன் பட்டத்தின் சின்னமான கேடயப் படம் ஒன்றைப் பார்த்தேன். அதன் மரச்சட்டம் புதிதாக இருந்தது. நாமும் குறைந்தவர்கள் இல்லை என்று காட்ட வேண்டும் அல்லவா? என்னுடைய அப்பப்பா வெள்ளைக்காரன் காலத்தில் ஊரையே ஆட்டிவைத்த உடையார் என்றேன். மனைவி கேக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தம் செய்யுமுன் விசாரிப்பது எங்கள் வழக்கம். கிளாஸ்கோவில் இருக்கும் மனைவியின் தம்பியிடம் பட்டத்தின் பெயரைக் கொடுத்தேன். நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று மனைவி சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிழமையில் அவன் ஃபோன் எடுத்தான். முன்பு காணியோடுதான் பட்டமும் போகுமாம். இப்போது சட்டம் மாறிவிட்டதாம், காணி இல்லாமலே பட்டத்தை மட்டும் வாங்கலாமாம்.

"கவனம் அத்தான்," என்றான்.

கள்ளன் அகப்பட்டான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி அவர்களுக்கு முன்னால் நான் குனிய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கோப்பி குடிக்கும்போது சம்பந்தியாரிடம் நேராகவே கேட்டேன். அவருடைய முகம் கொஞ்சமும் மாறவில்லை. ஓம், பட்டம் தன் தகப்பன் வாங்கியதுதான் என்றார். தகப்பனுடைய தாய் ஸ்கொட்லாந்துக்காரியாம். அவளுடைய ஆட்கள் பரம்பரையாக அந்தப் பரோன்மாரின் மாடு மேய்த்தவர்களாம். பட்டம் விலைக்கு வந்தபோது தகப்பனால் சும்மா இருக்க முடியவில்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குறிப்பெழுதுகிற கொப்பி ஒன்றை விரித்தார். கல்யாணத்தில் இரண்டு குடும்பக் கதையையும் வாசிக்கப் போகிறாராம், உடையாரைப் பற்றி என்னைச் சொல்லச் சொன்னார்.

எப்போதும் எனக்கு டேனிஷில் பதில் சொல்கிற மகள், மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, உங்கட அப்பப்பா உடையாருக்கு வண்டில்காரனாய் இருந்தவர் எண்டு அம்மா எனக்கு எப்பவோ சொன்னவ. அவை உண்மையைச் சொல்லிப்போட்டினம். இனி நீங்கள்."

சம்பந்தியார் பேனையோடு காத்திருந்தார். நான் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, உடையாருக்கு இரண்டு வெள்ளை மாடுகள் பூட்டிய வண்டில் இருந்தது, அதை ஓட்டியவரிலிருந்து எழுதுங்கள் என்றேன்.