நெற்றியில் வைத்த காசு

என் மகள் நடிகை. யாராவது கேட்டால் இந்த மூன்று சொற்களைச் சொல்ல இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வெட்கத்தால் அல்ல. அதை இன்னும் நிகழ்காலத்தில் சொல்லலாமா என்று தெரியாததால்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவன். என் மனைவி செவிலியர். ஒரே பிள்ளை. சினிமா என்றால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒன்று, பெரிய பரீட்சை முடிந்து ஒன்று என்று இருந்த வீடு. அந்த வீட்டிலிருந்து ஒருத்தி நடிக்கப் போனாள் என்றால் அதற்கு நானும் ஒரு காரணம். அவள் அனுப்ப வேண்டிய ஆடிஷன் வீடியோக்களை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். முன்னறைச் சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்துக்கு அவளைத் திருப்பி நிற்க வைத்து, ஒரு கையில் போனையும் மறுகையில் தாளையும் பிடித்துக்கொள்வேன். எதிரில் இருப்பவரின் வசனத்தை நான் வாசிக்க வேண்டும். அவள் முகம் மட்டும்தான் படத்தில் விழும்.

"எப்பா, ஆஜர் எடுக்க மாதிரி வாசிக்காதிய. அவன் என்னைய லவ் பண்ணுதான்."

"அவன் பண்ணுதான். நான் வாசிக்கத்தான செய்யுதேன்?"

"அப்ப பைய வாசிங்க. நீங்க அவசரப்பட்டா எனக்குக் கண்ணு கலங்க நேரம் இருக்காது."

அப்படிப் பைய வாசிக்கப் பழகினேன். காதலனாக, மாமியாராக, காவல் ஆய்வாளராக, செத்துப்போகிற அண்ணனாக எத்தனையோ பேருடைய வசனங்களை வாசித்திருக்கிறேன். பெரும்பாலும் பதிலே வராது.

பதில் வந்த முதல் படம் ஒரு சின்னப் படம். ஆழ்வார்குறிச்சிக்காரப் பையன் ஒருவன் எடுத்தது. புன்னக்காயலில், ஆறு கடலோடு சேருகிற இடத்தில், பதினோரு பேர் சேர்ந்து எடுத்தார்கள். மீனுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற பெண்ணாக என் மகள் நடித்தாள். சனிக்கிழமைகளில் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். கேமரா மேல் வெயில் படாமல் குடை பிடித்திருக்கிறேன். அவள் உள்ளங்கையெல்லாம் குளிரில் வெடித்திருந்தது. கையுறை போடு என்றால், அந்தப் பெண் போட மாட்டாள் என்றாள். எந்தப் பெண் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

அந்தப் படத்தில் ஓர் இடம். படகு வரவில்லை என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் ஐஸ் உடைப்பதை நிறுத்தாமல் உடைத்துக்கொண்டே இருப்பாள். கேமரா அவள் முகத்தை விட்டு நகராது. வசனம் கிடையாது. இருபத்தாறு வருடம் தினமும் பார்த்த முகம். தியேட்டரில் உட்கார்ந்து அதை ஒரு அந்நியனைப்போலப் பார்த்தேன்.

வெளிநாட்டில் எங்கெங்கோ திரையிட்டார்கள். திருநெல்வேலியில் மூன்று நாள், காலைக் காட்சி மட்டும். வண்ணார்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிற எங்கள் சபை அண்ணாச்சி குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார்வாள், பிள்ள நல்லாத்தான் பண்ணியிருக்கு. ஆனா படம் பூரா ஐஸ் ஒடைக்கே. ஒடச்சு முடிக்கட்டும், கத தொடங்கும்னு காத்துக்கிட்டு இருந்தேன். வெளக்கப் போட்டுட்டான்."

இதை நான் வீட்டில் வந்து சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஆழ்வார்குறிச்சிப் பையனுக்கும் போன் போட்டு அண்ணாச்சி குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம். நடித்த இரண்டு படங்கள் வெளியே வரவில்லை. ஒன்று வந்தது, அதில் அவள் காட்சி இல்லை. அந்தப் பையனிடம் அடுத்த கதை தயாராக இருந்தது. ஆற்றோரத்துச் செங்கல் சூளையில் நடக்கிற கதை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இவளை நினைத்து எழுதியது. ஆனால் தயாரிக்க வருகிற எவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்களாம்: இந்தப் பொண்ண யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் அந்தப் பெரிய படம் வந்தது. ஊரிலுள்ள ஆட்டோவிலெல்லாம் முகம் ஒட்டியிருக்கிற கதாநாயகன். அவருக்குத் தங்கை வேடம். ஆடிஷன் வீடியோ எடுத்த அன்று நான்தான் அந்தக் கதாநாயகனாக வாசித்தேன். மறு வாரம் பதில் வந்தது. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

"இதுல மொகம் தெரிஞ்சிட்டா அதுக்கு ஆள் வந்துரும்ப்பா" என்றாள் மகள். அது என்றால் செங்கல் சூளை. பெரிய படத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அது அவளுக்கு இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போக ஒரு பாலம், அவ்வளவுதான். இதை நான் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தேன். புரிந்துகொண்டிருந்தும்தான் அதைச் செய்தேன்.

கதையை வெளியே சொல்வதில்லை என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் படப்பிடிப்பு. வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி உறையில் போட்டு வைத்துவிடுவார்கள், சாயங்காலம்தான் கையில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தது எதுவும் அன்றைக்கு உதவவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா மகன் போனில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தான். கீழே, 'அண்ணே, இது நம்ம பிள்ளையா?' என்று மட்டும் இருந்தது. மரப்பெஞ்சில் என் மகளைக் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றித் துணிக்கட்டு. மூக்கில் பஞ்சு. கால் பெருவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. அந்தக் கால் என் அம்மாவின் கால். இரண்டாவது விரல் நீளம்.

அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. சிவப்புப் பேனாவின் மூடி வாயில் இருந்தது பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் சபையின் ஜெபக் குழுவுக்கு நான்தான் செயலாளர். நோய், ஆபரேஷன், வேலை, வரன் என்று யார் எதைச் சொன்னாலும் அதைக் குறிப்பாக எழுதி போனில் எல்லாருக்கும் அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. எங்கள் ஆட்கள் ஜெபக் குறிப்பை அரைகுறையாக எழுத மாட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, எத்தனாவது கட்டில், எந்த டாக்டர், எத்தனை மணிக்கு ஆபரேஷன், எல்லாம் இருக்க வேண்டும். ஆண்டவர் தப்பான கட்டிலுக்குப் போய்விடக் கூடாதல்லவா என்று நானே கிண்டல் செய்வேன். பத்து வருடமாக அப்படி எழுதிப் பழகிய கை.

அந்தக் கை எழுதியது. படத்தின் பெயர். கதாநாயகனின் பெயர். அவருடைய தங்கையாக நடிக்கும் எங்கள் மகள். எந்த ஊர், எந்த இடம், எத்தனை நாளாகப் படப்பிடிப்பு. அவள் இறந்துவிட்டதாக இந்தப் புகைப்படம் வந்திருக்கிறது, அது பொய்யாக இருக்கும்படி அனைவரும் ஊக்கமாய் ஜெபிக்கவும். புகைப்படத்தையும் சேர்த்தேன். ஒரு பிழைகூட இல்லாமல், நிறுத்தற்குறியெல்லாம் போட்டு எழுதியிருந்தேன். அதைப் பிற்பாடு வாசித்தபோதுதான் எனக்கு என்மேல் பயம் வந்தது.

மனைவி டூட்டி முடிந்து உள்ளே வந்தாள். போனை நீட்டினேன். அவள் செருப்பைக் கழற்றாமல் நடு வீட்டில் நின்றபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நெத்தியில காசு வச்சிருக்கு" என்றாள்.

"என்னது?"

"ஒத்த ரூவா. நம்மள்ல யாரு நெத்தியில காசு வப்பா? நல்லாப் பாருங்க. பஞ்சப் பாருங்க, சும்மா முன்னால செருகியிருக்கான். நான் எத்தன பேருக்கு வச்சிருக்கேன். இது வேசம். பிள்ள நடிச்சிக்கிட்டுக் கெடக்கா."

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகுதான் அழுதாள்.

எங்கள் வீடுகளில் நெற்றியில் காசு வைக்கும் வழக்கம் இல்லை. இரண்டாவது முறை பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

குறிப்பை அழித்தேன். அதற்குள் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கிற எங்கள் சபைப் பிள்ளைகள் வரைக்கும் அது போயிருந்தது. ஜெபக் குறிப்பை வாங்கினால் இன்னும் நாலு பேருக்கு அனுப்புவதுதான் எங்களில் நல்ல பழக்கம்.

ஆறரை மணிக்கு அவளே கூப்பிட்டாள். சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

"எப்பா, நா செத்துட்டேன்னு சொல்லிட்டியளாமே. எனக்கு எத்தன மிஸ்டு கால் தெரியுமா?"

அவள் குரலைக் கேட்டதும் நான் அழுததை எழுத வேண்டாம். அவள் என்னைத் தேற்றினாள். பிண வேஷம் போட்டால் காட்சி முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டுமாம். சினிமாக்காரர்கள் அதைத் தவறவே விட மாட்டார்களாம். "நானும் நல்லாச் சிரிச்சேன்ப்பா. களவாப் படம் எடுத்தவன் ஒரு நிமிசம் பொறுத்து எடுத்திருந்தா, சிரிக்கதப் பாத்திருப்பிய."

பிறகு கேட்டாள், "குழுவுல என்ன எழுதுனிய? வாசிங்க."

போனில் அழித்திருந்தாலும் எனக்கு வரி வரியாக நினைவிருந்தது. சொன்னேன். என்னையறியாமல் ஆடிஷனுக்கு வாசிக்கிற மாதிரி பைய சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"படம் பேரு போட்டியளா?"

"ஆமா."

"தங்கச்சின்னு?"

"ஆமாளா."

"எல்லாத்தையுமா எழுதுவாவ" என்றாள். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வெறும் புகைப்படமாக இருந்திருந்தால் யாரோ ஒரு பெண் என்று போயிருக்கும். என் குறிப்புதான் அதற்கு ஆளும் பேரும் கதையும் கொடுத்தது. மறுநாள் காலையில் ரசிகர்கள் அதை ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். தங்கச்சி செத்துருவா, அதுக்குத்தான் அண்ணன் பழி வாங்குதான். பெற்ற அப்பனே சொல்லிவிட்டான் என்பது கூடுதல் சாட்சி.

அதே காலையில் ஆலயத்தில் எங்கள் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள். மரித்தாள் என்று கேள்விப்பட்ட மகளை உயிரோடு தந்ததற்காக. போதகர் ஐயர் என் பெயரைச் சொல்ல, நானும் மனைவியும் எழுந்து நின்றோம். இரும்புக்கடை அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் முழு மனதோடுதான் நன்றி சொன்னேன். அதில் பொய் இல்லை.

திங்கட்கிழமை அவளை அனுப்பிவிட்டார்கள். கதையை மாற்றுகிறார்கள். தங்கை சாக மாட்டாள். சாகாத தங்கைக்குப் பாட்டு உண்டு, அதனால் பெயர் தெரிந்த வேறொரு நடிகை வருகிறாள். இவள் நடித்த அத்தனை நாளும் வெட்டப்பட்டுவிட்டது. ஒரு பையோடு வந்து இறங்கினாள். சோறு சாப்பிட்டாள், துணி துவைத்தாள், அம்மாவோடு பேசினாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் மட்டும், "நீங்க என்ன செய்வியப்பா, விடுங்க" என்பாள். ஒரு முறையாவது கத்தியிருக்கலாம்.

ஆழ்வார்குறிச்சிப் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். தயாரிக்கிறேன் என்று சொல்லியிருந்தவர் இப்போது போனை எடுப்பதில்லையாம். ரகசியம் காக்கத் தெரியாத பெண் என்று பேச்சு கிளம்பிவிட்டதாம். காப்பியைப் பாதி குடித்துவிட்டு அந்தக் கதைத் தாள்களை மேசையில் வைத்தான். "நீயே வச்சுக்கோ. எனக்கு வேற ஆள வச்சு எடுக்க வராது" என்றான் அவளிடம். என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனான். அவன் மரியாதையில் குறை வைக்கவில்லை.

பிள்ளை உயிரோடு இருக்காளே, அது போதாதா சார்வாள் என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். அந்த மதியத்தில் என்னிடம் யாராவது பேரம் பேசியிருந்தால் எல்லாப் படத்தையும் கொடுத்துவிட்டு அவளை மட்டும் கேட்டிருப்பேன். எனக்குப் போதும். அவளுக்குப் போதாது. இந்த இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஜெபக் குழுப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். ஜெபிக்க உட்கார்ந்தால் விவரம் எழுதத்தான் மனம் போகிறது.

இன்னமும் எப்போதாவது ஆடிஷன் தாள் வருகிறது. இப்போது அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்து வைத்து, அவளே எடுத்துக்கொள்கிறாள். எதிராளியின் வசனத்துக்கு இடம் விட்டுவிட்டுத் தன்னுடையதைப் பேசுகிறாள்.

நேற்றும் எடுத்தாள். தாளின் இன்னொரு பிரதி சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஒரு அப்பாவும் மகளும் பேசுகிற காட்சி. நான் தாளை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் ஒரு வரி சொல்லி நிறுத்தினாள். நான் அப்பாவின் வரியைச் சத்தமில்லாமல் உதட்டுக்குள் வாசித்தேன். பையத்தான் வாசித்தேன். பாதி வரி போவதற்குள் அவள் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிட்டாள். அடுத்ததிலும் அப்படியே. கடைசி வரை ஒரு வரியைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை.